இரவு எட்டரைக்கு மேல் நிற்காத ஃபிக்ஸ்: கட்ச்சில் 2024 மார்ச்சில் நடந்த ஒரு சர்வே நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 பிப்ரவரி கடைசியில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் போய் இறங்கினோம். ரண் ஓரமாக, கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பூத்த தரை. அதில் ஒரு பெரிய சூரிய மின் பூங்கா எழும்பிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வேண்டியதில்லை. இதேபோன்ற வேலைக்கு அடுத்து வட இந்தியப் பக்கம் போகிறவர்களுக்கு, இரவில் சாட்டிலைட் சிக்னல் கெட்டு நாங்கள் மூன்று வாரம் பட்டது மூன்று நாளில் புரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை பைல் மார்க்கிங். பேனல்களைத் தாங்கும் இரும்புத் தூண்களை எங்கே அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியாகத் தரையில் குறித்துக் கொடுக்க வேண்டும். வரைபடத்திலிருந்து ஆயத்தொலைகள் கன்ட்ரோலரில் ஏற்றப்பட்டிருக்கும், ஆர்டிகே ரோவரை (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும், கையில் தூக்கிப் போகும் சாட்டிலைட் ரிசீவர்) எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்திலும் ஆணி அடித்துச் சுண்ணாம்பு போட்டுவிட்டு வர வேண்டும். 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் தவறு போனால் தூண் வரிசை நேராக வராது, மேலே சட்டம் பொருந்தாது.

நாங்கள் நான்கு பேர். பொறுப்பாளர் தூத்துக்குடிக்காரர், கால் நூற்றாண்டாக சர்வே வேலையில் இருப்பவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அடுத்து நான். எங்களுக்குக் கீழே இரண்டு தம்பிகள். கருவிகள் எல்லாம் நல்ல கருவிகள்: ஜிபிஎஸ், கிளோனாஸ், கலிலியோ, பெய்டூ என்ற நான்கு சாட்டிலைட் தொகுதிகளையும் எடுக்கும் இரட்டை அலைவரிசை ரிசீவர்கள். ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் ரிசீவரான பேஸ் ஒரு கான்கிரீட் தூணில் நிலையாக இருந்தது. ரோவர் எந்த நேரத்திலும் அதிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போனதில்லை.

வேலை நேரம் மாலை 7 முதல் இரவு 11.30 வரை. பகலில் தூண் அடிக்கும் பைல் ரிக்குகள் ஓடும், தூசி பறக்கும், மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். காலை 6 மணிக்கு ரிக் கிளம்பும்போது புள்ளிகள் தயாராக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இதே மாவட்டத்தில் 2019 அக்டோபரில் நானும் அண்ணனும் இதே மாதிரி இரவு வேலை செய்திருக்கிறோம். அப்போது ஒரு நாளும் தொந்தரவு இல்லை. அதனால் இந்த நேரத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது யோசிக்கவே இல்லை.

முதல் வாரம்

முதல் மூன்று இரவுகள் நன்றாகப் போயின. நான்காம் நாள், எட்டரை தாண்டியிருக்கும், பெரிய தம்பி கன்ட்ரோலரைத் தட்டிக்கொண்டே வந்தான். "அண்ணே, ஃபிக்ஸ் நிக்கல. ஃப்ளோட்டுக்குப் போகுது, வருது, மறுபடி போகுது."

ஆர்டிகே தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ரிசீவர் தனக்கும் சாட்டிலைட்டுக்கும் நடுவே எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்று சரியாக எண்ணிவிட்டால் அது ஃபிக்ஸ், சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். எண்ணிக்கை உறுதியாகவில்லை என்றால் ஃப்ளோட், அதில் வேலை செய்யக் கூடாது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் ஒரு கணம் அறுந்தால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அன்று இரவு பத்து மணி வரை அப்படியே இருந்தது. பிறகு அரை மணி நேரம் சரியானது, மறுபடி கெட்டது. அடுத்த நாள் இரவு சுத்தமாகப் பிரச்சினையே இல்லை. அதற்கடுத்த நாள் முந்தியதைவிட மோசம். இப்படி ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருந்ததுதான் எங்களை ரொம்பச் சுற்றிவிட்டது. எப்போதும் கெட்டிருந்தால் கருவியை மாற்றியிருப்போம், எப்போதும் நன்றாக இருந்தால் கேள்வியே இல்லை.

எங்கெல்லாம் தேடினோம்

முதலில் ரேடியோவைச் சந்தேகித்தோம். பேஸிலிருந்து திருத்தம் வரும் யுஎச்எஃப் அலைவரிசையை மாற்றினோம், ஆன்டெனா கம்பத்தை உயர்த்தினோம், கேபிளை மாற்றினோம். கன்ட்ரோலரில் திருத்தம் ஒரு வினாடி தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் அதை நம்ப மனம் வரவில்லை. அடுத்து ஆன்டெனா மேல் படியும் உப்புத் தூசி, பனி. துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். அடுத்து ரிசீவர் மென்பொருள்.

அதன் பிறகு வந்த சந்தேகம்தான் பெரியது: ஜாமர். எல்லை பக்கத்தில் இருக்கிறது, யாரோ சிக்னலை அடைக்கிறார்கள் என்று தளத்தில் பேச்சு கிளம்பியது. ரிக் ஓட்டும் பாய்களும் அதையே சொன்னார்கள். நம்பக்கூடிய காரணம்தான், அதனால் நாங்களும் நம்பினோம், அதோடு மேலே தேடுவதையும் நிறுத்தினோம். நம் கையில் இல்லாத ஒன்று என்று முடிவு கட்டிவிட்டால் தேட வேண்டியதில்லையே. இதில் ஒரு வாரம் போனது.

இடையில் ஒரு தவறான வைத்தியமும் செய்தேன். தாழ்வாக இருக்கும் சாட்டிலைட்டுகள்தான் கெடுக்கின்றன என்று நினைத்து எலிவேஷன் மாஸ்க்கை (அடிவானத்திலிருந்து இத்தனை டிகிரிக்குக் கீழே உள்ள சாட்டிலைட்டுகளை ஒதுக்கு என்று சொல்லும் அளவு) 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏற்றினேன். நிலைமை இன்னும் மோசமானது. பாதிக்கப்படாத சாட்டிலைட்டுகளையும் சேர்த்து நானே தூக்கி எறிந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினொரு தூண்கள்

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை. ரிக் ஆபரேட்டர் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார், லைன் வாங்கவில்லை என்றார். போய்ப் பார்த்தால், முந்தைய இரவு 9 மணிக்கும் 10.30க்கும் நடுவே குறித்த புள்ளிகளில் 31 புள்ளிகள் ஒரே திசையில் 20 சென்டிமீட்டருக்கு மேல் விலகி இருந்தன. அதில் 11 இடத்தில் தூண் அடித்தாகிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

ஃப்ளோட்டில் குறிக்கவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அந்த 31 புள்ளிகளுக்கும் கன்ட்ரோலர் பதிவில் ஃபிக்ஸ் என்றுதான் இருந்தது. அதாவது ரிசீவர் அலைகளைத் தப்பாக எண்ணிவிட்டு, சரியாக எண்ணியதாகத் தானே நம்பிவிட்டது. ஃபிக்ஸ் போவது நேரத்தைத்தான் தின்னும். பொய் ஃபிக்ஸ் வேலையையே கெடுக்கும். அது வரை தொந்தரவு என்று நினைத்திருந்ததை அன்றைக்குத்தான் ஆபத்து என்று எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார், "2001 பூகம்பத்துக்கு அப்புறம் இங்கதான் ஜிபிஎஸ் வேலைக்கு வந்தேன். அப்பவும் ராத்திரி டேட்டா இப்படித்தான் பிய்ஞ்சு பிய்ஞ்சு கிடக்கும். அந்தக் காலத்துக் கருவி அப்படின்னு விட்டுட்டோம்." 2001, 2019, 2024. இந்த மூன்று வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பொறி தட்டியது. சூரியனின் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதுதான் சூரியச் சுழற்சி. 2001இன் கடைசி, சுழற்சி 23இன் உச்சம். 2019 டிசம்பர் அடுத்த பள்ளம். 2024இல் சுழற்சி 25 உச்சத்தை எட்டிக்கொண்டிருந்தது.

பதிவைத் திறந்து பார்த்தபோது

அன்று மாலையிலிருந்து பேஸ் ரிசீவரை வினாடிக்கு ஒரு பதிவு என்று ஓட விட்டோம். ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் வலிமையையும் தனித்தனி வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எட்டரை வரை கோடுகள் அமைதியாக இருந்தன. அதன் பிறகு சில சாட்டிலைட்டுகளின் கோடு மட்டும் ரம்பப் பல் மாதிரி ஆனது, சில வினாடிக்குள் 10 டெசிபெல், 15 டெசிபெல் என்று விழுந்து எழுந்தது. அதே நிமிடத்தில் வானத்தின் வேறு பக்கத்தில் இருந்த சாட்டிலைட்டுகள் துளியும் அசையவில்லை. ஜாமர் என்றால் எல்லாமே ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு படத்தோடு ஜாமர் கதை முடிந்தது.

பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் தெற்கு வானத்தில் இருந்தன. வடக்கே இருந்தவை தப்பின. ஜிபிஎஸ் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளில் எல்1 தாக்குப்பிடிக்கும்போதே எல்2 அறுந்தது. அலைவரிசை குறையக் குறைய அடி பலமாக விழும் என்பதால் 1575 மெகாஹெர்ட்ஸைவிட 1227 மெகாஹெர்ட்ஸ் முதலில் போவது இயல்புதான்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பெய்டூவின் புவிநிலைச் சாட்டிலைட்டுகள். மற்றவை வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், இவை ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். ஒன்று 58.75 டிகிரி கிழக்கில், எங்களுக்குத் தென்மேற்கே. இன்னொன்று 80 டிகிரி கிழக்கில், எங்களுக்குத் தென்கிழக்கே. ஒரு இரவு தென்மேற்கில் இருந்தது 8.50க்கு ஆடத் தொடங்கியது, தென்கிழக்கில் இருந்தது 9.13க்கு. இரண்டின் சிக்னலும் 350 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தை (மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டலம்) கடக்கும் இடங்களுக்கு நடுவே கிழக்கு மேற்காக ஏறக்குறைய 170 கிலோமீட்டர் வருகிறது. 23 நிமிடத்தில் 170 கிலோமீட்டர், வினாடிக்கு 120 மீட்டரை ஒட்டி. இரவில் நிலநடுக்கோட்டுப் பக்கத்துப் பிளாஸ்மா, அதாவது அங்குள்ள மின்னேற்ற வாயு, கிழக்கு நோக்கி வினாடிக்கு 100 மீட்டர் அளவில் நகரும் என்பது பல காலமாக அளந்து வைத்திருக்கும் விஷயம். எங்கள் தலைக்கு மேல் ஏதோ ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து போனதை ஒரு சர்வே ரிசீவரிலேயே பார்த்துவிட்டோம். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேலே என்ன நடக்கிறது

விண்மீன் மினுங்குவது போலத்தான் இதுவும். காற்றின் சீரின்மையால் ஒளி மினுங்குகிறது, பிளாஸ்மாவின் சீரின்மையால் ரேடியோ சிக்னல் மினுங்குகிறது. சிண்டிலேஷன் என்கிறார்கள். ஜிபிஎஸ் அலைவரிசைக்கு, சில நூறு மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மைகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சூரியன் வருகிறது.

பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து அயனிமண்டலத்தை உண்டாக்குகிறது. சூரியன் மறைந்ததும் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள கீழ் அடுக்கு வேகமாகக் கரைந்துவிடும். 300 கிலோமீட்டர் பக்கம் உள்ள எஃப் அடுக்கு இரவிலும் நிற்கும். காந்த நிலநடுக்கோட்டில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் காந்த நிலநடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். அந்த இடத்தில் அந்தி வேளையில் கிழக்கு நோக்கிய மின்புலம் கொஞ்ச நேரம் திடீரென்று வலுக்கும், பிறகுதான் திசை திரும்பும். கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்தால் பிளாஸ்மா மேலே தள்ளப்படும். எஃப் அடுக்கு மொத்தமாக உயரும்.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேலே அடர்த்தியான பிளாஸ்மா, அதன் அடியில் கரைந்துபோன காலி இடம். எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்தி வைத்த மாதிரி. சின்ன ஒரு அசைவு போதும், கீழே இருக்கும் காலி இடம் குமிழியாக மேலே கிளம்பிவிடும். ரேலி டெய்லர் நிலையின்மை என்று பெயர். அடுக்கு எவ்வளவு உயரத்துக்குப் போகிறதோ அவ்வளவுக்கு அங்கே காற்று மெலிது, மோதல் குறைவு, குமிழி வளரத் தடை குறைவு. இந்தப் பிளாஸ்மா குமிழிகளின் ஓரங்களில் உடைந்து பிறப்பவைதான் நம் சிக்னலைக் கெடுக்கும் ஒழுங்கின்மைகள். 1938இல் பெரு நாட்டின் ஹுவாங்காயோவில் புக்கரும் வெல்ஸும் அயனிமண்டலப் பதிவுகளில் இதன் அடையாளத்தைக் கண்டு எழுதினார்கள். 1976இல் உட்மேனும் லா ஹோஸும் அதே நாட்டின் ஹிகாமார்க்கா ரேடாரில் குமிழிகள் புகைக் கீற்று மாதிரி மேலே எழுவதைப் படமாகவே காட்டினார்கள். நம் பக்கத்தில் திருப்பதிக்கு அருகே உள்ள கடங்கி ரேடாரும் இவற்றைப் பார்த்து வருகிறது.

சரி, சூரியச் சுழற்சிக்கும் இதற்கும் என்ன? சூரியன் ஓய்ந்திருக்கும் ஆண்டுகளில் அந்தி நேர மேல்நோக்கிய வேகம் வினாடிக்கு 10, 20 மீட்டர் என்று இருக்கும். உச்ச ஆண்டுகளில், பகலும் இரவும் சமமாக வரும் சம இரவு மாதங்களில், 40, 50 மீட்டரைத் தொடும். மேல் காற்று சூடாகி, பிளாஸ்மா அடர்ந்து, அங்கே உருவாகும் மின்புலமும் வலுவாகிறது. சூரியனின் நிலையைச் சொல்லக் கனடாவில் தினமும் அளக்கும் 10.7 சென்டிமீட்டர் ரேடியோ அளவு ஒன்று இருக்கிறது, 2019இன் கடைசியில் அது 70ஐ ஒட்டிக் கிடந்தது, 2024இல் 200ஐத் தாண்டிய நாட்களே ஏராளம்.

இங்கேதான் கட்ச் வருகிறது, எனக்கு இந்த முழு விஷயத்திலும் முக்கியமாகப் படுவதும் இதுதான். குமிழி காந்தக் கோட்டோடு ஒட்டி வளரும். காந்தக் கோடோ வில் மாதிரி, காந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே உச்சியில் இருந்து வடக்கும் தெற்கும் இறங்கும். கட்ச் காந்த நிலநடுக்கோட்டிலிருந்து 15 டிகிரியை ஒட்டி வடக்கே இருக்கிறது. அதன் மேல் 300 கிலோமீட்டர் உயரத்தில் போகும் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால், நிலநடுக்கோட்டுக்கு மேல் அது ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது தெற்கே கிளம்பும் ஒரு குமிழி 800 கிலோமீட்டர் வரை ஏறினால்தான் அதன் வடக்கு முனை கட்ச் வானத்துக்கு வரும். ஓய்ந்த ஆண்டுகளில் பெரும்பாலான குமிழிகள் அவ்வளவு உயரம் ஏறுவதே இல்லை. 2019 அக்டோபரில் எங்களுக்குத் தொந்தரவு இல்லாததற்கும், வடக்கே இருந்த சாட்டிலைட்டுகள் 2024இல் தப்பியதற்கும் காரணம் ஒன்றே.

அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் நம்ம ஊர்ப் பக்கம்தான் கிளம்புதுன்னா, தூத்துக்குடியில நான் பார்த்ததே இல்லையே?" நியாயமான கேள்வி. பகலெல்லாம் காந்த நிலநடுக்கோட்டில் மேலே தள்ளப்படும் பிளாஸ்மா நீரூற்று மாதிரி இரு பக்கமும் வழிந்து 15 டிகிரி பக்கம் குவிகிறது. அகமதாபாத், கட்ச் எல்லாம் அந்தக் குவியலுக்கு அடியில். நிலநடுக்கோட்டின் மேலேயோ பிளாஸ்மா மெலிந்திருக்கும். அடர்த்தியான இடத்தில் ஓட்டை விழுந்தால் சிக்னலுக்கு அடி அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. பிறப்பது தெற்கே என்றாலும் ஜிபிஎஸ் அலைவரிசையில் பலமாக அடி விழுவது வடக்கே. தூத்துக்குடியில் இது வரவே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உச்ச ஆண்டில் அங்கேயும் வரும், பலம் குறைவு.

மார்ச், செப்டம்பர் பக்கம் அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு. நம் தீர்க்கரேகையில் காந்த வடக்கும் புவி வடக்கும் கிட்டத்தட்ட ஒன்று. சம இரவு நாட்களில் பகலையும் இரவையும் பிரிக்கும் இருள் கோடு காந்தக் கோடுகளுக்கு இணையாக வந்து விழுகிறது, ஒவ்வொரு காந்தக் கோட்டின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் இருட்டாகின்றன, அந்தி மின்புலம் அப்போதுதான் கூர்மையாக எழும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சூரியப் புயல் வந்தால்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைக் கெடுத்த இரவுகளில் பெரும்பாலானவை புயல் இல்லாத சாதாரண இரவுகள். மார்ச் 24 மாலை ஒரு பலமான காந்தப் புயல் வந்தது, அன்று ஹோலிக்கு முந்திய நாள், தளம் மூடியிருந்தது, எங்களிடம் பதிவில்லை. புயல் எந்த நேரத்தில் வந்து தாக்குகிறது என்பதைப் பொறுத்து அது குமிழிகளைத் தூண்டவும் செய்யும், அடுத்த மாலை வராமல் அடக்கவும் செய்யும். புயல் செய்தியை மட்டும் பார்த்து இரவு வேலையை முடிவு செய்வது சரிவராது.

எடுத்த முடிவுகள்

ரைனெக்ஸ் (ரிசீவர் தரவுக்கான பொதுக் கோப்பு வடிவம்) பதிவும் வரைபடங்களுமாக ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளரிடம் போனோம். முதலில் அவர் நம்பவில்லை. புவிநிலைச் சாட்டிலைட் இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, என்ன நேரம் வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் பதிவில் இரவு 1 மணிக்கு மேல் எல்லாம் அடங்கியிருந்தது. அதனால் மார்க்கிங் ஷிப்டை அதிகாலை 4 முதல் 9 வரை என்று மாற்றினோம். காலை 6 மணிக்கு ரிக்குக்கு வேண்டிய புள்ளிகள் முந்தைய நாள் காலையிலேயே தயார், ஒரு நாள் முன்கூட்டி ஓடினோம். இதைத் தொடங்கி வைக்க அந்த முதல் ஒரு நாள் பைலிங்கை நிறுத்த வேண்டியிருந்தது, அதற்கு ஒப்புதல் வாங்கியதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

கட்டாயம் இரவில் வேண்டும் என்ற இடங்களுக்கு டோட்டல் ஸ்டேஷன், அதாவது சாட்டிலைட் இல்லாமல் தரையிலிருந்தே கோணமும் தூரமும் அளக்கும் கருவி. பகலில் ஆர்டிகே கொண்டு பிளாக்கைச் சுற்றிக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்துவிட்டு, இரவில் அவற்றிலிருந்து குறித்தோம். மெதுவான வேலை, ஆனால் வானத்தை நம்ப வேண்டியதில்லை. மாஸ்க்கைப் பழையபடி 10 டிகிரிக்கு இறக்கி நான்கு தொகுதிகளையும் திறந்து விட்டோம், சில சாட்டிலைட் அறுந்தாலும் மிச்சம் இருப்பவை தாங்கும் என்பதற்காக.

ஏற்கெனவே இரவில் குறித்து இன்னும் தூண் அடிக்காத புள்ளிகள் எல்லாவற்றையும் காலையில் மறுபடி அளந்தோம். இதில் தம்பிகள் இரண்டு பேரும் நான்கு நாள் நடையாக நடந்தார்கள். இன்னும் 9 புள்ளிகள் தப்பாக அகப்பட்டன.

அதன் பிறகு

மார்ச் மீதியிலும் ஏப்ரலிலும் பேஸ் பதிவை மட்டும் இரவில் ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஆடும் இரவுகள் குறைந்தன, ஜூனில் ஏறக்குறைய இல்லை. எங்கள் பகுதியில் கோடைக்காலம் அமைதியாக இருப்பது வழக்கம்தான். மே 10, 11இல் பெரிய சூரியப் புயல் வந்து லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததாகச் செய்தி வந்தபோது, அதுதானா உங்கள் பிரச்சினை என்று பலர் போன் செய்தார்கள். அது மே, எங்களுடையது மார்ச், இரண்டும் வேறு என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

மழைக்குப் பிறகு செப்டம்பரில் இரண்டாம் பிளாக் தொடங்கியது. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலேயே இரவுப் பதிவில் ரம்பப் பல் திரும்ப வந்துவிட்டது. ஷிப்ட் ஏற்கெனவே அதிகாலையில் இருந்ததால் வேலை பாதிக்கப்படவில்லை, அந்தப் பிளாக்கில் ஒரு தூணைக்கூடப் பிடுங்கவில்லை. அக்டோபர் 15 அன்று சூரியன் உச்ச காலத்தை எட்டிவிட்டதாக நாசாவும், அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் அறிவித்தன. அண்ணன் செய்தியைப் படித்துவிட்டு, "நமக்கு மார்ச்லயே தெரியும்டா" என்றார்.

இனி மாற்றிக்கொள்வது

கன்ட்ரோலரில் ஃபிக்ஸ் என்று வந்தால் போதும் என்பதை விட்டுவிட்டோம். பத்துக்கு ஒரு புள்ளியை ரிசீவரை மறுபடி தொடங்க வைத்து, குறைந்தது அரை மணி இடைவெளியில் இரண்டாம் முறை அளக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே டேப் பிடிக்கிறோம். அன்று இரவே டேப் பிடித்திருந்தால் 11 தூண்களும் தப்பியிருக்கும், ஐந்து நிமிட வேலை.

புது இடத்துக்குப் போகும் முன் மூன்றைப் பார்க்கிறேன்: 10.7 சென்டிமீட்டர் அளவு இப்போது எங்கே நிற்கிறது, மாதம் சம இரவுக்குப் பக்கமா, இடம் காந்த நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி. மூன்றும் சேர்ந்து மோசமாக இருந்தால் உள்ளூர் அஸ்தமனத்துக்குப் பிந்தைய ஐந்து, ஆறு மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே ஆர்டிகே வேலைக்கு விலக்கிவிடச் சொல்கிறேன். உள்ளூர் அஸ்தமனம் என்பதைக் கவனிக்கவும். கட்ச்சில் மார்ச்சில் சூரியன் மறையவே ஏறக்குறைய 7 மணி, தூத்துக்குடியில் ஆறரைக்குள் மறைந்துவிடும். கடிகார நேரத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

ஒரு குறிப்பிட்ட இரவில் வருமா வராதா என்று முந்தைய நாளே சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. பருவத்தைச் சொல்லலாம், ஆண்டைச் சொல்லலாம், இரவைச் சொல்ல முடியாது. அந்தச் சிறு முதல் அசைவு எங்கே எப்போது கிளம்புகிறது என்பதில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதனால் பேஸ் ரிசீவர் இரவுப் பதிவை இப்போதும் நிறுத்தாமல் வைத்திருக்கிறோம். சின்ன தம்பிதான் தினமும் காலையில் வரைபடம் போட்டுக் குழுவில் அனுப்புகிறான், புவிநிலைச் சாட்டிலைட் இரண்டும் எத்தனை மணிக்கு ஆடின என்று மேலே எழுதி.